குளத்தைப் பளிச்சென்று கழுவித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் கவனம்

கோவையில் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீடு. பின்பக்கம் முருங்கை சாய்ந்துபோன இடத்தில் 10 அடிக்கு 6 அடி, இரண்டரை அடி ஆழத்தில் சிமெண்டில் ஒரு சின்னக் குளம் கட்டினோம். ஓரத்தில் குட்டி அருவி, உள்ளே கோய் என்கிற வண்ண அலங்கார மீன் 11. கட்டிய கொத்தனார் மேல் ஒரு குறையும் இல்லை, இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. பராமரிக்க வந்தவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இப்போது 3 மீன்தான் மிச்சம்.

வருடத்துக்கு 18,000 ரூபாய். மாதம் ஒரு தடவை வந்து சுத்தம் செய்வார், மருந்துக்குத் தனிக் காசு. மொத்தத்தையும் முன்பணமாக ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "வாட்ஸப்ல போட்டு விட்டர்றனுங் சார்" என்றார். போடவில்லை. பணம் போனது அவர் பெயருக்குக்கூட இல்லை, மச்சான் நம்பராம். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கொடுமை என்னவென்றால், ஆள் சோம்பேறி இல்லை. இரண்டு பையன்களோடு வந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் முழுவதையும் இறைப்பார். சுவரை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பார். ஃபில்டரில் இருக்கும் மேட், ஸ்பாஞ்சு, பயோ பால் எனும் பிளாஸ்டிக் உருண்டை எல்லாவற்றையும் எடுத்து, குழாயடியில் வைத்து, கடையில் வாங்கியபோது இருந்த வெள்ளை வரும்வரை அலசுவார். அப்புறம் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை நிரப்பி, பக்கெட்டில் காத்திருந்த மீன்களை அப்படியே உள்ளே விடுவார். மூன்று மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க உழைப்பு. என் மனைவி அவர்களுக்கு டீயோடு வடையும் கொடுத்தாள்.

நாலு நாள் தண்ணீர் கண்ணாடி. பத்தாவது நாள் கீரைக் கடைசல். போன் செய்தால் லேபிள் இல்லாத பாட்டிலோடு வருவார், 850 ரூபாய். இப்படியே ஏழு மாதம். ஒவ்வொரு சுத்தத்துக்கும் அடுத்த வாரம் ஒன்றிரண்டு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கேட்டால், "உங்க மீன் குவாலிட்டி அப்படிங்க சார்" என்பார். மீனை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

மீன் கடைக்காரர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில் விஷயம் புரிந்தது. "ஃபில்டரை எந்தத் தண்ணியில கழுவுறாங்க?"

ஃபில்டர் மேட்டில் பிடிக்கும் அந்தப் பழுப்பு வழவழப்பு அழுக்கில்லையாம். ஃபில்டரே அதுதானாம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுக் குளத்தில் அது நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். இவர் நாலு வாரத்துக்கு ஒருமுறை குளோரின் தண்ணீரில் அலசி, பிறப்பதற்குள் கொன்றுகொண்டிருந்தார். அமோனியா ஏறும், மீன் திணறும். அதையே உரமாகத் தின்று பாசி கொழிக்கும். உடனே பாசிக்கு மருந்து. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை. காசு மட்டும் ஒழுங்காகப் போனது. சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி அமோனியா பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைக் குழாய்த் தண்ணீர் கரும்பச்சைக்குப் போனது.

மருந்துக் கணக்கும் பொய். குளம் 8,000 லிட்டர் என்று சொல்லி அதற்கேற்ப ஊற்றுவார். நீள அகல ஆழத்தைப் பெருக்கினால் 150 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்புவரை நிரப்பினாலும் 4,250 லிட்டரைத் தாண்டாது. இந்த ஐந்தாம் வகுப்புப் பெருக்கலை நான் ஏழு மாதம் போட்டுப் பார்க்கவில்லை.

கடைசித் தடவை பாட்டில் இல்லை, காகிதத்தில் மடித்த நீலப் பொடி. போட்டுவிட்டுப் போனார். விடிந்தால் நாலு மீன் மல்லாந்து கிடந்தன. பொள்ளாச்சியில் தென்னை வைத்திருக்கும் என் மாமனார் மீதிப் பொடியைப் பார்த்த உடனே, "இது மயில்துத்தமுங்க மாப்ள, போர்டோ கலவைக்குப் போடறது" என்றார். பயிரில் பூஞ்சைக்கு அடிக்கும் கலவை அது, மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் உப்புச் சத்துக் குறைந்த மென்மையான தண்ணீரில் தாமிரத்தின் நஞ்சு மீனுக்குப் பல மடங்கு ஏறும். எங்களுக்கு வருவதோ அப்படி மென்மையான சிறுவாணித் தண்ணீர்.

இன்னும் இரண்டு. 'செந்தாமரை' என்று 1,200 ரூபாய்க்கு அவர் வைத்த கிழங்கு உண்மையில் அல்லி. இலை தண்ணீரோடு படுத்துக் கிடந்து ஓரத்தில் வெட்டு இருந்தால் அல்லி, தண்டு தூக்கி நின்று வட்டமாக இருந்தால் தாமரை. இது எனக்கு இப்போதுதான் தெரியும். அதைச் சிரித்து விட்டுவிடலாம். விட முடியாதது பம்பு வயர். இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பைத் தண்ணீர் விளிம்பிலேயே விட்டிருந்தார். என் மகள் தினமும் கை விட்டு மீனுக்குத் தீனி போடும் இடம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்ட பிறகுதான் அவளை அந்தப் பக்கம் விட்டேன்.

பணம் திரும்பவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸப் பேச்சும்தான்.

என் தப்பும் உண்டு. முருங்கை போனபின் நாள் முழுக்க வெயில், தீனியும் வாரி இறைத்தோம். இப்போது மேலே நிழல்வலை. வாரம் ஐந்தாறு குடம் தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன், அதுவும் குளோரினை முறிக்கும் ஆன்ட்டி குளோரின் கலந்து. மேட்டைக் குளத்துத் தண்ணீர் பிடித்த பக்கெட்டிலேயே இரண்டு முக்கு முக்கிப் பிழிவதோடு சரி.

உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த மீன் கடைக்காரர் கேள்வியைக் கேளுங்கள். "குழாய்த் தண்ணியிலதாங்க, பளிச்சுனு" என்று பதில் வந்தால் டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எங்கள் குளம் இப்போது லேசான பழுப்பில் இருக்கிறது, சுவரில் பாசி. பார்க்க அவ்வளவு அழகில்லை என்கிறாள் மனைவி. மூன்று மீனும் நன்றாகத் தின்கின்றன.