இரண்டு டிரைவருக்கும் ஒரே கோட்: அதை எங்கே வைப்பது?

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சென்சார் சிப்களுக்கு லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் நிரல், எழுதினேன். ஒன்று வெப்பநிலைக்கு, மற்றது அழுத்தத்துக்கு. சிப்பை ரீசெட் செய்வது, அது தயாராகும்வரை காத்திருப்பது, கேலிப்ரேஷன் மதிப்புகளைப் படிப்பது எல்லாம் இரண்டிலும் வரிக்கு வரி ஒன்றுதான்.

முதலில் காப்பி எடுத்து வைத்தேன். பத்திருபது வரி என்றால் இன்றும் அதுவே போதும் என்பேன். இரண்டு டிரைவரும் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பில் ஸ்டாட்டிக் இன்லைனாக வைப்பது குட்டி ஃபங்ஷன்களுக்குச் சரி. கம்பைல் செய்த ஒரே ஆப்ஜெக்ட் கோப்பை இரண்டு மாட்யூலிலும் (கெர்னலில் தனியாக ஏற்றக்கூடிய துண்டு) இணைப்பது வேண்டவே வேண்டாம்: ஒரு டிரைவர் கெர்னலோடு சேர்ந்தும் மற்றது தனி மாட்யூலாகவும் பில்ட் ஆனால், இரண்டுக்கும் வேண்டிய கம்பைல் அமைப்புகள் வேறு, கோப்போ ஒன்று.

மிஞ்சியவை இரண்டு: கெர்னல் முழுவதற்கும் பொதுவான கோட் இருக்கும் லிப் டைரக்டரி, இல்லையென்றால் டிரைவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பொது மாட்யூல். நான் பக்கத்திலேயே வைத்தேன். காரணம் பராமரிப்பு.

காப்பியாக இருந்த காலத்தில், ரீசெட்டுக்குப் பிறகு, சிப் தயாரா என்று காட்டும் ரெடி பிட்டைப் பார்க்கும் லூப் 10 மில்லிசெகண்டில் கைவிட்டுவிடும். சில போர்டுகளில் அது போதவில்லை என்று அழுத்த டிரைவரில் 50 ஆக்கினேன். வெப்பநிலை டிரைவரில் பழைய 10 அப்படியே கிடந்தது. 4 மாதம் கழித்து அங்கே ப்ரோப் (டிரைவர் சிப்பைத் தொடங்கும் படி) -110 என்று தோற்பதாகப் புகார் வந்தது. அது டைம்அவுட் எண். நான் ஏற்கெனவே திருத்திய அதே பிழை! அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கப் போனது.

லிப்பில் வைத்தாலும் திருத்தம் ஒரே இடத்தில்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தத்தை அனுப்பும் பேட்ச் யார் கைக்குப் போகும்? கெர்னலின் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் முக்கியமாகக் கோப்பு இருக்கும் பாதையை வைத்துத்தான் ஆளைக் காட்டும். லிப் என்பது சிஆர்சி கணக்கு (தரவில் பிழை உண்டா என்று பார்ப்பது), வரிசைப்படுத்தல் போல எந்தச் சிப்பையும் அறியாத கோடுக்கான இடம். என் கோடில் சிப்பின் ரெஜிஸ்டர் முகவரிகளே இருக்கின்றன. டேட்டாஷீட் படித்தவர்தான் அதை ரிவ்யூ செய்ய முடியும்.

இதற்குக் கெர்னலுக்குள்ளேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சென்சார் டிரைவர்கள் இருக்கும் ஐஐஓ பகுதியில் எஸ்டி நிறுவனச் சென்சார்களுக்கான முடுக்கமானி, கைரோ, காந்தமானி, அழுத்த டிரைவர்கள் வெவ்வேறு டைரக்டரிகளில் இருந்தாலும், பொதுக் கோட் அதே ஐஐஓவின் காமன் டைரக்டரியில் இருக்கிறது.

கெர்னலில் எதையெல்லாம் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் கேகான்ஃபிக் மெனுவில் என் மாட்யூலுக்குக் கேள்வி கிடையாது. இரண்டு டிரைவர்களும் கேகான்ஃபிக்கின் செலக்ட் வரி மூலம் அதை இழுத்துக்கொள்கின்றன. மற்ற மாட்யூல்களுக்காக வெளியே காட்டும் சிம்பல்களை (ஃபங்ஷன் பெயர்கள் போன்றவை) தனி நேம்ஸ்பேஸில், அதாவது தனிப் பெயர்த் தொகுப்பில், வைத்தேன். 2019இல் 5.4 பதிப்பில் வந்த வசதி இது. இம்போர்ட் செய்யாத மாட்யூல் அவற்றைத் தெரியாமல் பிடித்துத் தொங்க முடியாது. செலவும் உண்டு: ஒரு வரியை மாற்றினாலும் இரண்டு சிப்பிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பல துணை அமைப்புகளுக்குப் பொதுவான கோடை நான் எழுதியதில்லை, அங்கே கணக்கு மாறலாம். ஆனால் ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் ரெஜ்மேப்பும் ஆடியோ டிரைவர்களின் பொதுக் கோடிலிருந்துதான் கிளம்பியது. மற்ற டிரைவர்களுக்கும் தேவைப்பட்டபோது, 2011இல், டிரைவர்ஸ் டைரக்டரியின் பேஸ் பகுதிக்குப் போனது. என்னுடையதை வேறு பகுதி டிரைவர் ஒன்று கேட்டால் அப்போது மேலே நகர்த்துவேன்.