துண்டுக்கு மேலே நடப்பதை எழுத: எலான் மென்பொருள்

எலான் என்றதும் அந்தக் கார்க்காரர் ஞாபகம் வந்தால் அவரை அனுப்பிவிட்டு வாங்க. இது நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள். வீடியோவைத் திறந்து பேச்சு, பார்வை, கையசைவு என ஒவ்வொன்றையும் தனித்தனி வரிசையில், நேரத்தோடு பொருத்தி எழுதலாம். வரிசைக்கு டியர் (tier) என்று பெயர். ஒன்றரை வருஷமாக இதோடுதான் குடித்தனம்.

என் ஆய்வு மாட்டுத் தரகு பற்றியது. கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குக் கூடும் சந்தையில் எடுத்த வீடியோக்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் மழையையும் சோளத்தட்டையும் பேசிக்கொண்டிருக்கும். "ஏனம்மிணி, துண்டுக்குள்ள நடக்கறது உங்க பொட்டிக்குத் தெரியுமா?" என்று ஒரு தரகர் கேட்டார். தெரியாதுங்க. அதனால் பேச்சு, பார்வை, தலை, முழங்கை என்று நாலு டியர் போட்டேன்.

இங்கேதான் எலான் காசுக்கு மேல் வேலை செய்கிறது (காசே இல்லை என்பது வேறு). ஓர் இடத்தில் தரகர் "கட்டுப்படியாகாதுங்க" என்கிறார். வெறும் கண்ணால் பார்த்தபோது பேரம் முறிந்தது என்றே குறித்து வைத்திருந்தேன். என் வீடியோ நொடிக்கு 25 படம், அதாவது ஒரு படம் 40 மில்லி நொடி. ஒவ்வொன்றாக நகர்த்தினால், அந்தச் சொல் முடியும் முன்பே முழங்கை ஓய்ந்துவிட்டது. கை விலையை முடித்த பிறகும் வாய் மறுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மறுப்பு சுற்றி நிற்பவர்களுக்கு என்று இப்போது நினைக்கிறேன்.

நினைப்பு போதாது என்பதால் தோழியையும் அதே வீடியோவைத் தனியாகக் குறிக்கச் சொன்னேன். இரண்டு பேர் குறித்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று எலானே கணக்குப் போடும். அதற்கான அளவுகோல், உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா; தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டுச் சொல்வது. எங்களுடையது வெளியே சொல்லும்படி இல்லை. அவளுக்குத் 'தலையாட்டல்', எனக்கு 'ஈ விரட்டல்'. குறிக்கும் விதிகளைத் திருப்பி எழுத ஒரு வாரம் போனது.

தமிழில் தட்டினால் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. வீடியோவை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் எங்கே என்று கேட்கும்; காட்டிவிட்டால் சரி. ஃபைல் மெனுவில் தானாக பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. நான் அதைப் போட்டு வைக்காமல், கரன்ட் போனதில் ஒரு மத்தியானத்து வேலையைத் தொலைத்தேன். என் தப்பு. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது: ஒரு நிமிஷ வீடியோ எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது.

போன வாரம் அந்தத் தரகரிடமே லேப்டாப்பைக் காட்டினேன். முழங்கை ஓய்ந்த இடத்தைப் பெருமையாக நிறுத்தினேன். அவர் வீடியோவைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார். "கயித்தப் பாருங்க அம்மிணி." மாட்டுக்காரர் பிடி ஏற்கனவே தளர்ந்திருந்தது.

ஐந்தாவது டியர் திறந்தாயிற்று. பெயர்: கயிறு. எல்லா வீடியோவும் முதலிலிருந்து.