கென்னல் காஃப் மூக்குச் சொட்டு: வடசென்னையின் சிறு இன நாய்களுக்குத் தேவையா?

நாய் இருமி இருமிக் கடைசியில் கொஞ்சம் வெள்ளை நுரையைக் கக்கும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது போலவே தெரியும். காசிமேடு, ராயபுரம் பக்கம் நாய்க்கு மீன் தலை போடுகிற வீடுகள் அதிகம், அதனால் முதல் பழி முள் மேல்தான் விழும். வாயைப் பிளந்து, விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பார்கள், ஒன்றும் கிடைக்காது. க்ரூமிங்குக்கோ (குளிப்பாட்டி முடி வெட்டும் இடம்) போர்டிங்குக்கோ (நாய் விடுதி) போய் வந்து பத்துப் பதினைந்து நாளுக்குள் இந்த வறட்டு இருமல் தொடங்கினால், முள்ளைவிட, நாய்க்கு நாய் தொற்றும் இருமலான கென்னல் காஃபைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு இங்கே கிளினிக்குகளில் போடுவது மூக்கில் விடும் சொட்டு மருந்து. நோபிவாக் கேசி என்பது பலருக்குத் தெரிந்த பெயர். போர்டெடெல்லா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃபுளூயன்சா வைரஸ் என இரண்டு கிருமிகள், உயிரோடு, வீரியம் குறைக்கப்பட்டு அதில் இருக்கின்றன. ஒரு டோஸ், ஒரு மூக்குத் துவாரம், 0.4 மில்லி. பாதுகாப்பு ஒரு வருடத்துக்கு.

வாங்கும் முன் உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘டிஎச்பிபிஐ’ (DHPPi, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி) என்று இருந்தால், பாராஇன்ஃபுளூயன்சாவுக்கான மருந்து அந்த ஊசியிலேயே போய்விட்டது. இருமலை உண்டாக்கும் அடினோ வைரஸுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆக, சொட்டு புதிதாகக் கொண்டுவருவது முக்கியமாக போர்டெடெல்லாவுக்கான காப்பு. பாராஇன்ஃபுளூயன்சாவுக்கு மூக்கிலேயே இன்னொரு அடுக்கு. இது எல்லா நாய்க்கும் கட்டாயமான தடுப்பூசி அல்ல. மாநகராட்சி உரிமத்துக்குக் கேட்பதும் வெறிநாய்த் தடுப்பூசிதான், இதை அல்ல.

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒண்டுக்குடித்தன வீட்டில் வளர்ந்து, மொட்டை மாடியோடு உலாவை முடித்துக்கொள்ளும் பொமரேனியனுக்கு இந்தச் செலவு அவசியமில்லை. ‘கேட் கம்பி வழியாகத் தெருநாயோடு மூக்கு உரசுகிறதே’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் கம்பி வழியாக வருவதில் உயிரை எடுப்பது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். அதுவும் இருமல், மூக்கொழுகல் என்றுதான் ஆரம்பிக்கும். அதைத் தடுக்கும் டிஎச்பிபிஐ ஊசி பாதியில் நிற்கிறபோது சொட்டுக்குப் பணம் கட்டுவது, கூரை ஒழுகும்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கதை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போர்டிங்கில் விடுகிறீர்களா, மாதாமாதம் க்ரூமிங் உண்டா, நாய்க் கண்காட்சிக்குப் போகிறீர்களா? அப்போது போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பல நாய்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில் இது வேகமாகத் தொற்றும். ஆனால் கிளம்பும் நாள் காலையில் போய்ப் போட்டால் பலனில்லை. போர்டெடெல்லாவுக்குப் பாதுகாப்பு வர 3 நாள் ஆகும், பாராஇன்ஃபுளூயன்சாவுக்கு 3 வாரம். பொங்கல் பயணத்துக்கு டிசம்பர் மூன்றாவது வாரமே சரியான நேரம்.

சிறு நாய் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது, ‘மூணு கிலோ நாய்தானே, பாதி போட்டால் போதாதா?’ போதாது. எடையைப் பார்த்து அளவு குறைக்கிற மருந்தல்ல இது. சிவாவாவுக்கும் கிரேட் டேனுக்கும் அதே 0.4 மில்லிதான்.

போடும்போது பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். மருந்து குளிர்பெட்டியிலிருந்து வர வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். காய்ந்த மருந்துக் கட்டியைக் கரைப்பானில் கலக்குவார்கள். கலந்த மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் விட்டாக வேண்டும். சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றி, நாயின் முகத்தைச் சற்றே மேலே தூக்கி, மெதுவாக விடுவார்கள். மூக்குச் சொட்டைத் தவறிப்போய்த் தோலுக்கடியில் ஊசியாகக் குத்தினால் அந்த இடம் சீழ் கட்டும், கல்லீரல்கூடப் பாதிக்கப்படலாம். அவசரத்தில் இந்தத் தவறு நடப்பதுண்டு, அதனால் ‘மூக்கில்தானே டாக்டர்?’ என்று வாய்விட்டுக் கேட்பதில் தப்பில்லை. மூக்கு சப்பையான பக், ஷிட்சூ வகைகள் திமிறும். துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டால் சுலபம்.

மறுநாளிலிருந்து லேசான தும்மல், மூக்கொழுகல், கொஞ்சம் இருமல் வரலாம். இதைப் பார்த்துப் பயந்து வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பவர்கள் உண்டு. கொடுத்தால் மூக்கில் விட்ட பாக்டீரியாவும் சேர்ந்து சாகும், காசு போச்சு. வேறு காரணத்துக்காக ஒரு வாரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தர நேர்ந்தால், அது முடிந்ததும் சொட்டைத் திரும்பப் போட வேண்டும். போட்ட நாயின் மூக்குச் சளியில் அந்த பாக்டீரியா 6 வாரம் வரை வெளியேறலாம் என்பதால், வீட்டில் கீமோ எடுப்பவரோ உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவரோ என நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குறை என்று பார்த்தால், இது முழுக்கவசம் அல்ல. இருமலை உண்டாக்கும் கிருமிகள் இன்னும் பல உண்டு. போட்ட நாய்க்கும் வரலாம், ஆனால் தீவிரம் குறைவாக இருக்கும். போடாத நாய்க்கு வந்தாலும், வளர்ந்து ஆரோக்கியமாக இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். குட்டிகளுக்குத்தான் நிமோனியா வரை போகும் ஆபத்து.

இன்னொரு சிக்கல், சிறு நாய்களின் இருமல் எல்லாம் தொற்று அல்ல. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் வகைகளுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து சப்பையாகும். கழுத்துப் பட்டையை இழுத்தாலோ வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலோ, கொசுவர்த்தி ஏற்றினாலோ வாத்து கத்துவது போல இருமும். அதற்குத் தேவை பட்டைக்குப் பதில் மார்புப் பட்டையும் புகையில்லாத அறையும். சொட்டு ஒன்றும் செய்யாது. வயதான நாய் ராத்திரியில் மட்டும் இருமினால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இருமும் நாய்க்குச் சொட்டு போடக் கூடாது. சாப்பாட்டை ஒதுக்கினால், பச்சையாகச் சளி வந்தால், தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு விட்டால் அன்றைக்கே காட்டுங்கள். மனிதர்களுக்கான இருமல் சிரப்பைக் கொடுக்கவே கூடாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனாலும் சரி, தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் சரி, இருமும் நாயைக் காத்திருப்போர் கூட்டத்துக்குள் கூட்டிச் செல்லாமல் ஆட்டோவிலேயே வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் போய்ச் சீட்டு வாங்கி வரட்டும்.