நாலு மணிக்கு மேல் பிள்ளையை எங்கே அனுப்புவது?

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் டியூஷன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் பக்கமாகக் கழித்தல் கணக்கு, அத்தனைக்கும் சிவப்பு மையில் டிக். நோட்டை மூடிவிட்டு, 402-ல் 178 போனால் எவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் போடச் சொன்னேன். 376 என்று எழுதினான்.

எப்படி வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒன்றின் இடத்தில் மேலே 2, கீழே 8. இரண்டில் எட்டு போகாது. அதனால் எட்டில் இரண்டைக் கழித்து 6. அடுத்து மேலே 0, கீழே 7. ஏழில் பூஜ்யம் போனால் 7. நாலில் ஒன்று போனால் 3. எது மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று அவனாகவே ஒரு விதி வைத்திருக்கிறான். கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே எங்கோ நழுவியிருக்கிறது. நோட்டில் இருந்ததெல்லாம் போர்டைப் பார்த்து எழுதியவை.

அந்தப் பையன் என் மகன். நானோ அப்போது மதுரைப் பக்கம், தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை மையம் நடத்திக்கொண்டிருந்தவள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் குச்சிக் கட்டு வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தப் பிள்ளையைக் காசு கட்டி அடுத்த தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன். டியூஷன், இல்லம் தேடிக் கல்வி, அபாகஸ், சம்மர் கேம்ப், நூலகம் என்று ஒவ்வொன்றாக இங்கே ஒப்பிடப்போகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டியூஷனை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், ஆறு மணி வரை பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வருவதே பெரிய உதவி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, அதுவும் அடிப்படை சரியாக இருந்தால், நல்ல டியூஷன் மார்க்கை ஏற்றத்தான் செய்யும். நாடு முழுக்கக் கிராமங்களில் எடுக்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை காசு கொடுத்து டியூஷன் போகிறவர்கள் 2018-ல் 26.4 சதவீதம், 2022-ல் 30.5 சதவீதம். பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் எழுபதைத் தாண்டிவிட்டது. இத்தனை பேர் சும்மா போகமாட்டார்கள். ஆனால் டியூஷன் பள்ளிக்கூடத்தின் வேகத்திலேயே ஓடுகிறது. பள்ளியில் இன்றைக்குப் பின்னம் என்றால் டியூஷனிலும் பின்னம். கழித்தலிலேயே நின்றுவிட்ட பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை புரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

இல்லம் தேடிக் கல்வி வேறு கணக்கில் பிறந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த நாட்களின் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். அப்போது தொடக்க வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கப் பிளஸ் டூ முடித்திருந்தால் போதும் என்றார்கள். ஆறு முதல் எட்டு வரைக்கு டிகிரி கேட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ இருபது பிள்ளைகள். உச்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தோம்.

எங்களுக்கு சிலபஸை முடிக்கிற நெருக்கடி கிடையாது. அதுதான் வசதியே. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லையா, எழுத்திலிருந்து தொடங்கலாம். 402-ஐக் குச்சியில் வைப்போம்: நூறு குச்சிக் கட்டு நாலு, தனிக்குச்சி இரண்டு, நடுவில் ஒன்றுமில்லை. எட்டுக் குச்சி எடு என்றால் பிள்ளை திருதிருவென்று முழிக்கும். பிறகு அதுவே ஒரு நூறு கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாக அடுக்கும், அதில் ஒரு பத்தைப் பிரித்து உதிர்க்கும். பூஜ்யத்தின் தலையில் ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கும். ஒரு கணக்குக்கு இருபது நிமிடம் ஆகும். எந்த டியூஷனிலும் அந்த இருபது நிமிடம் கிடைக்காது.

இது என் பெருமை மட்டும் இல்லை. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மீதிப் பெரும்பங்கு பள்ளிக்கூடம் திறந்ததால் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறையும் உண்டு. தன்னார்வலர் சரியில்லை என்றால் மையம் வெறும் பிள்ளை பார்த்துக்கொள்ளும் இடமாகிவிடும். திருவிழா, மழை, கல்யாணம் என்று வருகை விழுந்துகொண்டே இருக்கும். உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் இதேபோல் தன்னார்வலர்கள் வாசிப்பு முகாம் நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகளில் வந்ததே 8 சதவீதம்தான்.

அடுத்தது அபாகஸ், அதாவது மணிச்சட்டத்தில் கணக்குப் போடப் பழக்கும் வகுப்பு. எங்கள் தெருவில் இதற்குத்தான் மவுசு. மேலே ஒரு மணி ஐந்து, கீழே நாலு மணிகள் ஒவ்வொன்று. பழகப் பழக மணியில்லாமல் விரலை மட்டும் காற்றில் ஆட்டி விடை சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குஜராத்தின் வதோதராவில் ஒரு பள்ளியில் மூன்று வருடம் இதை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அபாகஸ் படித்தவர்கள் கூட்டல் கழித்தலில் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். கவனம், நினைவாற்றல் போன்றவற்றில் அப்படிப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. விளம்பரப் பலகையில் ‘மூளைத்திறன்’ என்று போட்டிருந்தால் அதை மட்டும் கழித்துவிட்டு, மனக்கணக்கு வேகத்துக்காகச் சேர்க்கலாம். லெவல் லெவலாகக் காசு கரையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மே மாத சம்மர் கேம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து நாள் களிமண், கீபோர்டு, தீயில்லாச் சமையல். பிள்ளை சந்தோஷமாக இருக்கும், இருக்கட்டுமே. பாட்டோ பரதமோ ஓவியமோ உண்மையாகப் பழக வேண்டும் என்றால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களை விசாரித்துவிட்டு வேறு இடம் தேடுங்கள். படிப்பு முன்னேற வேண்டும் என்றால் பத்து நாள் காணாது. அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் கோடைப் பாடத்திட்டம் நடத்திப் பார்த்த ராண்ட் நிறுவனத்தின் ஆய்விலும், குறைந்தது 20 நாள் வந்த பிள்ளைகளிடம்தான் பலன் நன்றாகத் தெரிந்தது.

லீவில் வாசிப்பு துருப்பிடிக்காமல் இருக்க என் ஓட்டு நூலகத்துக்கு. மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. பஸ் செலவு மட்டும்தான். முதல் வாரம் என் மகன் படம் மட்டும் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் வீட்டுக்கு வரும் வழியில் கடை போர்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தான், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

டியூஷனை அந்த மே மாதத்தோடு நிறுத்தினோம். தினம் அரை மணி நேரம் வீட்டிலேயே குச்சி. ஜூனில் 402-178 சரியாக வந்தது. 1000-ல் 1 போனால் மட்டும் இன்னும் தடுமாறுகிறான்.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்தாள். “அக்கா, பெரியவளுக்கு ஒரு சென்டர் பாத்திருக்கேன். சேத்துவிடட்டுமாக்கா?”

“சேக்குறதுக்கு முன்னாடி ஒன்னு கேட்டுட்டு வா. பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு மொதல்ல பாப்பீங்களான்னு.”

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். “கேட்டேன்க்கா. அதெல்லாம் கவலப்படாதீங்க, ஆகஸ்டுக்குள்ள மொத்த சிலபஸையும் முடிச்சிருவோம்னாங்க.”