லைசா மின்னெலியின் ஒரே இரவு: 'லைசா வித் எ இசட்' டிவிடி

தாயிடம் இருக்கலாம், தந்தையிடம் இருக்கலாம், ஆனால் தனக்கென்று ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் பிள்ளையே கடவுளின் அருளுக்கு உரியது என்ற கருத்தைச் சொல்லும் பாடல் ஒன்று அமெரிக்க இசையில் உண்டு. பில்லி ஹாலிடே புகழ்பெறச் செய்த 'காட் பிளெஸ் த சைல்ட்' என்னும் அந்தப் பாடலை, பாடகியும் நடிகையுமான ஜூடி கார்லண்டுக்கும் திரைப்பட இயக்குநர் வின்சென்டி மின்னெலிக்கும் பிறந்த மகள் லைசா மின்னெலி, தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட நிகழ்ச்சியின் தொடக்கப் பகுதியில் நின்று பாடுகிறார். பெற்றோரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கண்களை அகல விரித்து, அடங்கிய குரலில் தொடங்கி, பாடல் கோரும் அளவுக்கு மட்டும் குரலை உயர்த்துகிறார். 'லைசா வித் எ இசட்' டிவிடியை யாருக்கேனும் போட்டுக் காட்டும்போது நான் முதலில் கவனிக்கச் சொல்லும் இடம் இதுதான்.

நிகழ்ச்சி 1972-ஆம் ஆண்டு மே 31 அன்று, நியூயார்க் நகரின் லைசியம் அரங்கில், பார்வையாளர்கள் முன்னிலையில் ஒரே இரவில் படமாக்கப்பட்டது. இயக்கமும் நடன அமைப்பும் பாப் ஃபாசியுடையவை. புதிய பாடல்களை ஜான் கேண்டரும் ஃப்ரெட் எப்பும் எழுதினர். உடைகளை ஹால்ஸ்டன் வடிவமைத்தார். அக்காலத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வீடியோ நாடாவில் பதிவாகிவந்த நிலையில், ஃபாசி எட்டு 16 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்களை அரங்கில் நிறுத்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இந்நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்த நிறுவனம் சிங்கர். நம் வீடுகளில் தையல் இயந்திரத்தின் மறுபெயராகவே வழங்கிவந்த அந்தப் பெயரை இங்கே காண்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நெருக்கத்தைத் தருகிறது.

இந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பை உணர, அந்த மேடைக்கு வரும் முன் லைசா கடந்து வந்த பாதையைச் சற்று அறிந்திருக்க வேண்டும். அவர் 1946 மார்ச் 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். ஜார்ஜ் கெர்ஷ்வினின் இசையில் 1929-இல் வெளிவந்த 'லைசா' என்னும் பாடலிலிருந்து பெயர் வந்தது; பாடலாசிரியர் ஐரா கெர்ஷ்வின் அவருடைய ஞானத்தந்தை. தாய் நடித்த 'இன் த குட் ஓல்ட் சம்மர்டைம்' படத்தின் இறுதிக் காட்சியில், மூன்று வயதுக் குழந்தையாகத் திரையில் தோன்றினார். வாய்ப்பின் வாசல் அவருக்குப் பிறப்பிலேயே திறந்திருந்தது என்பதை மறுப்பதில் பொருளில்லை.

ஆனால் 17 வயதில் அவர் தொடங்கிய இடம் ஹாலிவுட் அன்று, நியூயார்க்கின் ஆஃப்-பிராட்வே மேடை, அதாவது பிராட்வேயின் பெரிய அரங்குகளுக்கு வெளியே உள்ள சிறிய அரங்கு. 1963-இல் 'பெஸ்ட் ஃபுட் ஃபார்வர்ட்' இசைநாடகத்தின் மறு அரங்கேற்றத்தில் நடித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் லண்டன் பல்லேடியம் அரங்கில் தாயோடு சேர்ந்து பாடினார். அந்த நிகழ்ச்சியின் இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. 1965-இல் கேண்டரும் எப்பும் இணைந்து பிராட்வேக்கு எழுதிய முதல் இசைநாடகமான 'ஃப்ளோரா, த ரெட் மெனஸ்' 87 காட்சிகளோடு நின்றுவிட்டபோதிலும், அதன் நாயகியாக நடித்த லைசாவுக்கு 19 வயதில், பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருது கிடைத்தது. அந்தத் தோல்வி நாடகமே அவரை வாழ்நாள் துணையாகிய அந்த இரு படைப்பாளிகளோடு பிணைத்தது. அவர்கள் அடுத்து எழுதிய 'கேபரே' 1966-இல் மேடையேறியபோது, அதன் நாயகி வேடத்தை அவர் விரும்பியும் பெறவில்லை. பெயர்பெற்றவர்களின் பிள்ளைக்குக் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணுவோர் இந்த மறுப்பை நினைவில் வைக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கழித்து, ஃபாசி இயக்கிய திரைவடிவத்தில், 1931-ஆம் ஆண்டின் பெர்லினில் பாடித் திரியும் சாலி போல்ஸ் என்ற அதே பாத்திரம் அவரிடம் வந்து சேர்ந்தது. இடையில், 1969-இல், 'த ஸ்டெரைல் குக்கூ' என்ற படத்தில் பாட்டின் துணையே இல்லாமல் நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்தார். தாய் லண்டனில் மறைந்ததும் அந்த 1969-ஆம் ஆண்டில்தான், ஜூன் மாதத்தில். லைசாவுக்கு அப்போது வயது 23.

ஆகவே 1972 மே மாதத்தில் லைசியம் மேடையில் நிற்பவர் 26 வயதுப் பெண். 'கேபரே' படம் வெளியாகி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. ஆஸ்கர் இன்னும் கைக்கு வரவில்லை. தாயின் முத்திரைப் பாடல்களில் ஒன்றுகூட இந்த நிகழ்ச்சியில் இடம்பெறவில்லை. எளிதில் கைதட்டல் பெறும் வழியைத் தானே அடைத்துவிட்டு மேடையேறியிருக்கிறார். அந்த முடிவுக்காகவே நான் இந்த நிகழ்ச்சியை மதிக்கிறேன்.

தலைப்புப் பாடல் அவருடைய பெயரைப் பற்றியது. 'லைசா' என்பதை 'லீசா' என்று பிறர் தவறாக உச்சரிப்பதையும், எஸ் ஒலிக்கும் இசட் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டையும், மின்னெலி என்ற குடும்பப் பெயரை எழுத்துக் கூட்டுவதில் நேரும் தடுமாற்றத்தையும் நாக்குப் புரளும் வேகத்தில் அடுக்கிச் செல்லும் பாட்டு அது. இரு ஒலிகளையும் ஒரே 'ச' அல்லது 'ஸ' கொண்டு எழுதும் நமக்கு அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழியில்லை. காதால் கேட்டே அறிய வேண்டும். நகைச்சுவைப் பாடலாகத் தோன்றினாலும், அதன் உள்ளே இருப்பது தன் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்ற கோரிக்கை. தந்தையின் குடும்பப் பெயரைச் சுமக்கும் ஒரு மகள், அதன் முன்னால் நிற்கும் தன் பெயரின் ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். சொற்கள் எவ்வளவு விரைந்தாலும் ஒரு மெய்யெழுத்துகூடச் சிதையவில்லை என்பதையும், மூச்சு எடுக்கும் இடம் பார்வையாளருக்குத் தெரியாதவாறு ஒவ்வொரு மூச்சும் ஒரு பாவனைக்குள் மறைந்திருப்பதையும் இரண்டாம் முறை பார்க்கும்போது உணரலாம்.

என்னைப் பொறுத்தவரை, நிகழ்ச்சியின் உச்சம் 'ரிங் தெம் பெல்ஸ்'. நியூயார்க்கின் ரிவர்சைடு டிரைவில் வசிக்கும் ஷர்லி என்ற பெண், தனக்கேற்ற கணவனைத் தேடி ஐரோப்பா முழுவதும் அலைந்து, கடைசியில் துப்ரோவ்னிக் நகரின் கடற்கரையில் ஒருவனைச் சந்திக்கிறாள். பேசிப் பார்த்தால் அவன் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பாட்டு முழுவதும் கதையாகவே நகர்வதால், கதை சொல்பவர், ஷர்லி, அவள் எதிர்கொள்ளும் மனிதர்கள் என அத்தனை பேராகவும் லைசா ஒருவரே மாற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் தலையின் சாய்வையும் தோளின் உயரத்தையும் மட்டுமே மாற்றுகிறார். ஆனால் இரண்டு சொற்களுக்குள் நமக்கு வேறொருவர் தெரிந்துவிடுகிறார். கதை சொல்லியின் குரலில் இருக்கும் கனிவு, ஷர்லியைக் கேலிப்பொருளாக்காமல் காக்கிறது. சிரிப்பு எழும் இடங்களில் அரங்கு அடங்கும்வரை காத்திருந்து, தாளத்தை ஓர் இழைகூட நழுவவிடாமல் அடுத்த அடியைப் பிடிக்கும் விதம், மேடையில் பல ஆண்டுகள் உழைத்தால் மட்டுமே வாய்ப்பது.

தாய்க்கும் மகளுக்கும் இடையிலான வேறுபாடு எனக்குத் துலங்கியது இந்தப் பாட்டில்தான். நீட்டிப் பிடிக்கும் சுரத்தின் இறுதியில் வரும் அந்த அதிர்வு, உணர்ச்சி ஏறும்போது கைகள் தாமாக மேலெழுவது ஆகிய இரண்டும் ஜூடி கார்லண்டிடமிருந்து வந்தவை. முதல் நிமிடத்திலேயே எவரும் கண்டுகொள்ளலாம். ஆனால் ஜூடி பாடும்போது பாட்டின் துயரம் அவருடைய சொந்தத் துயரமாகவே நமக்குக் கேட்கும். மகள் பாடும்போது ஒரு பாத்திரம் எழுந்து நிற்கிறது. அதற்கு ஊர் உண்டு, வயது உண்டு, பேச்சு நடை உண்டு. ஷார்ல் அஸ்நவூரின் பாடலை ஆங்கிலத்தில் 'யூ'வ் லெட் யுவர்செல்ஃப் கோ' என்று பாடும்போதும் அப்படியே. உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்ட துணையிடம் சலிப்போடு பேசத் தொடங்கி, அன்பில் வந்து முடியும் அந்தப் பாட்டை அவர் ஒரு சிறு நாடகமாகவே நடத்திக் காட்டுகிறார். தாய் தந்த குரலுக்குள் நடிகையாக அவர் தேடிச் சேர்த்த சொந்தம் இது.

ஃபாசியின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. 'பை பை பிளாக்பேர்ட்' பாட்டில் நடனக் குழுவினர் தொப்பியைச் சாய்த்து, தோளை ஒடுக்கி, முழங்காலை உள்நோக்கி வளைத்து, ஒரு விரலின் அசைவையும் எண்ணி வைக்கும் நடை அவருக்கே உரியது. ஹால்ஸ்டனின் குட்டையான உடைகள் அந்த அசைவுகள் எதையும் மறைப்பதில்லை. எட்டுக் கேமராக்களில் பதிவானதை வெட்டித் தொகுத்தபோது, முகம் தேவைப்படும் இடத்தில் முகத்தையும் முழு உடலும் தேவைப்படும் இடத்தில் முழு உடலையும் அவர் தேர்ந்திருக்கிறார். 1973-ஆம் ஆண்டில் 'கேபரே'க்காக ஆஸ்கர், 'பிப்பின்' இசைநாடகத்துக்காக டோனி, இந்த நிகழ்ச்சிக்காகத் தொலைக்காட்சிக்கான எம்மி என்று மூன்று விருதுகளையும் ஒரே ஆண்டில் பெற்ற இயக்குநரின் கை ஒவ்வொரு வெட்டிலும் தெரிகிறது.

குறைகளும் உண்டு. 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்' பாட்டுக்குத் தேவையான சோம்பல் கலந்த மெதுவான சூடு லைசாவின் குரலுக்கு இயல்பானதன்று. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் 1968-இல் பாடியதைக் கேட்டவர்களுக்கு இது அவசரமாகத் தோன்றும். 'மை மேமி' எனக்கு வேறொரு சங்கடத்தைத் தருகிறது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போல நடிக்கும் மேடை மரபோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துவிட்ட, ஆல் ஜோல்சனின் பாட்டு அது. லைசா அதைத் தாயன்பின் பாட்டாகவே பாடுகிறார், முழு மனத்தோடும் பாடுகிறார். ஆயினும் அந்த வரலாற்றை அறிந்தவர்களால் நெருடலின்றிக் கேட்க இயலாது.

இறுதியில் வரும் 'கேபரே' பாடல் தொகுப்பு அரங்கை எழுப்பிவிடுகிறது. இதில் 'மேபி திஸ் டைம்' பாட்டைத் தனியே கவனிக்க வேண்டும். திரைப்படத்துக்காக எழுதப்பட்டதென்று பலர் எண்ணும் அந்தப் பாட்டை, லைசா 1964-இலேயே தம் முதல் தனி இசைத்தட்டான 'லைசா! லைசா!'வில் பாடிவிட்டார். 18 வயதில் பாடியபோது நம்பிக்கையாக ஒலித்தது. 26 வயதில், இந்த முறையாவது வெற்றி வாய்க்குமா என்று கேட்கும் ஒருத்தியின் பழகிப்போன ஏமாற்றமும் அதில் சேர்ந்து ஒலிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

இனி டிவிடியைப் பற்றி. ஒளிபரப்புக்குப் பின் பல ஆண்டுகள் காணக் கிடைக்காமலிருந்த இந்நிகழ்ச்சி சீரமைக்கப்பட்டு, 2005-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2006 ஏப்ரலில் ஷோடைம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, டிவிடியாகவும் வெளிவந்தது. சீரமைப்பு நேர்மையானது. 16 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு இயல்பான மணித்துகள் தன்மையை அழித்து வழவழப்பாக்காமல் விட்டிருக்கிறார்கள். சிவப்பு ஆழமாகவும் மேடையின் கறுப்பு அடர்த்தியாகவும் இருக்கின்றன. படம் அக்காலத் தொலைக்காட்சியின் சதுரம் சார்ந்த அளவிலேயே உள்ளது. இன்றைய அகலத் திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் விழும். திரை நிரம்ப வேண்டுமென்று இழுத்துப் பெரிதாக்கினால் ஃபாசி திட்டமிட்ட உடலின் கோடுகளே கெட்டுவிடும். இத்துடன் லைசாவின் விளக்கவுரையும் ஒலித்தடமாக இடம்பெற்றிருக்கிறது. முதல் முறை அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்; நடிப்பும் பாட்டும் பிணைந்து ஓடும் இடங்களில் குறுக்கே பேச்சு வந்தால் இரண்டுமே கைநழுவிவிடும்.

கொலம்பியா நிறுவனம் 1972-இல் வெளியிட்ட இசைத்தட்டும் கிடைக்கிறது. அதை மட்டும் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. 'ரிங் தெம் பெல்ஸ்' பாட்டில் சிரிப்பொலி எழும் காரணங்களில் பாதி முகத்தில் நிகழ்கிறது. காதுக்கு மட்டும் எட்டும்போது இடையிடையே காரணமற்ற சிரிப்பாகவே அது கேட்கும். டிவிடியை வாங்குவோர் அமெரிக்கப் பதிப்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிவிடி எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதை அதன் மண்டலக் குறியீடு வரையறுக்கிறது; அமெரிக்க டிவிடிகள் பொதுவாக முதலாம் மண்டலக் குறியீடு கொண்டவை. இந்தியா ஐந்தாம் மண்டலத்தைச் சேர்ந்தது. எல்லா மண்டலங்களுக்கும் பொதுவான பிளேயர் இல்லாத வீட்டில் வட்டு ஓடாமல் போகலாம்.

இதற்குப் பிந்தைய லைசாவின் வாழ்வு ஏற்றத்தாழ்வு மிக்கது. 1973 மார்ச்சில் 'கேபரே'க்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. தாய் இளம் வயதில் பெற்ற சிறப்பு ஆஸ்கரையும் தந்தை 'ஜிஜி' படத்துக்காகப் பெற்ற ஆஸ்கரையும் சேர்த்தால் மூவர் கையிலும் அந்தச் சிலை இருந்திருக்கிறது. 1976-இல் தந்தையின் இயக்கத்தில் நடித்த 'எ மேட்டர் ஆஃப் டைம்' வரவேற்பைப் பெறவில்லை. அடுத்த ஆண்டு மார்டின் ஸ்கார்செஸியின் 'நியூயார்க், நியூயார்க்' படத்தில் முதன்முதலாக அவர் பாடிய தலைப்புப் பாடல், பின்னர் ஃப்ராங்க் சினாட்ராவின் குரலில் உலகெங்கும் சென்றது. 2000-இல் மூளையழற்சி நோயால் தாக்குண்டவர், 2008 டிசம்பரில், தாய் 1951-இல் தொடங்கி 19 வாரங்கள் பாடிய அதே பேலஸ் அரங்கில், 62 வயதில் மீண்டும் மேடையேறினார். அந்த நிகழ்ச்சியும் பதிவாகிக் கிடைக்கிறது. அதில் குரல் தளர்ந்திருக்கிறது, உயர்ந்த சுரங்களில் மூச்சு வாங்குகிறது. ஆனால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற அவருக்கு அப்போதும் தலையின் ஒரு சாய்வு போதுமாக இருக்கிறது.