பவர் மீட்டர் வாங்குவோர் கிராங்கின் உட்புறத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் சைக்ளோகிராஸ் வண்டி (மண்பாதையிலும் ஓட்டும் பந்தய சைக்கிள்) வைத்திருப்போர், கிராங்க் செட்டையும் (பெடலைத் தாங்கும் இரு கைகளும் முன் பல்சக்கரங்களும்) மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரையும் மாற்றுவதற்கு வெளியூர்க் கடைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு கடையில், பயன்படுத்திய பொருளைப் புதியது என்று பில் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரை பாம்பன் பாலத்து மேட்டைத் தவிர ஏற்றம் என்று எதுவும் இல்லை. அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்றுதான். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் போகும்போது முதுகில் தள்ளும் காற்று திரும்பும்போது நெஞ்சில் மோதுவதால், வேகத்தை வைத்துப் பயிற்சியை அளக்கவே முடியாது. அதனால்தான் வாட் கணக்குக் காட்டும் கருவி தேவைப்பட்டது. 46, 36 பற்கள் கொண்ட இரு பல்சக்கரங்களுடன் ஷிமானோ நிறுவனத்தின் அல்டெக்ரா வகைக் கிராங்க் செட், அதன் இடது கிராங்கில் ஒட்டிய பவர் மீட்டர், பொருத்துகூலி என்று பில் தந்தார்கள். கிராங்க், மீட்டர் இரண்டுக்கும் நேரே 'புதியது' என்று எழுதியிருந்தது.

வண்டி வந்ததிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் இடது பக்கம் ஓர் உரசல் கேட்டது. சைக்ளோகிராஸ் வண்டியில் அகலமான டயருக்கு இடம் விடுவதற்காகப் பின்சக்கரத்துக்குச் செல்லும் கீழ்க்குழாய்கள் வெளிப்பக்கம் வளைந்திருக்கும்; கிராங்கின் உட்புறத்தில் ஒட்டப்படும் மீட்டர் அந்த இடைவெளியில் அடங்குமா என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் முதல் படி. கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்திருக்கிறார்; அடங்காதது தெரிந்ததும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குழாயின் பெயின்ட்டை அரத்தால் தேய்த்து இடம் பண்ணியிருக்கிறார். உப்புக்காற்று படும் ஊரில் அலுமினியத்தை இப்படித் திறந்து விட்டதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கிராங்கின் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டின் மரைகளில் கிரீஸும் இல்லை.

இடது கிராங்கைக் கழற்றியபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. அதன் உட்புறத்தில் நீளம் 172.5 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. வலது கிராங்கிலோ 170. இரண்டும் வெவ்வேறு செட்டைச் சேர்ந்தவை. இடது பக்க மீட்டர் இடது காலின் விசையை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் கணக்குக்குக் கிராங்கின் நீளமும் வேண்டும்; மீட்டரின் செயலியில் கடைக்காரர் அதை 170 என்றே பதிந்திருந்ததால் அந்தக் கணக்குக்கு அடிப்படையே தவறு. பெரிய பல்சக்கரத்தைத் துடைத்துப் பார்த்தால், பற்கள் சுறாவின் பல்லைப் போல ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தன.

இவற்றைவிட ஆபத்தானது வலது கிராங்க். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான, இரண்டு பாகங்களை ஒட்டிச் செய்த 11 வேக (பின்னால் 11 கியர்) அல்டெக்ரா, டியூரா ஏஸ் வகைக் கிராங்குகளில் ஒட்டு விட்டுப் பிரிந்து உடையக்கூடும் என்பதால், அவற்றை இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டத்தை ஷிமானோ 2023 செப்டம்பரில் அறிவித்தது. கிராங்கின் பின்புறத்தில் உள்ள ஈரெழுத்துக் குறியீடு கே.எஃப். முதல் ஆர்.எஃப். வரையிலான வரிசையில் இருந்தால் அது அந்தக் காலத்துத் தயாரிப்பு. என்னுடையது என் என்ற எழுத்தில் தொடங்குகிறது, அதாவது 2015. பரிசோதித்ததற்கான எந்தத் தாளையும் கடை தரவில்லை. கேட்டபோது, "ஸ்டாக்தான் சார் பழசு, பொருள் புதுசு" என்றார்கள். தேய்ந்த பற்களின் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை.

ஆகவே பொருத்துவதற்கு முன்பே இரண்டு கிராங்குகளையும் கையில் வாங்கி, உட்புறத்தில் நீளத்தையும் குறியீட்டையும் படித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் அந்தக் குறியீட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். மீட்டரின் தடிமனுக்கு ஒரு காகித அட்டையை மடித்து ஒட்டிச் சுற்றிப் பார்த்தாலே உரசுமா என்பது தெரிந்துவிடும். பொருத்தும்போது இடது கிராங்கின் இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, அதிலேயே அச்சிட்டுள்ள 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குகிறார்களா என்றும் கவனியுங்கள்.

கடை வேறு மாவட்டத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். என் புகார் அந்த உதவி மையத்தில் பதிவாகிவிட்டது. இதேபோல் 'புதியது' என்று பில் வாங்கியவர்கள் கிராங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னால், ஆணையத்துக்குக் கொடுக்கும் மனுவில் சேர்த்துக்கொள்வேன்.