ஐந்து வருடமாக வாசனை எண்ணெய் வைத்திருந்ததில் படித்துக்கொண்டது

நாங்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். வீட்டில் யூகலிப்டஸ், கராம்பு, கறுவா இலை, சிட்ரோனெல்லா, தோடம்பழத் தோல் என்று நாலைந்து எண்ணெய்ப் போத்தல்கள் எப்போதும் இருக்கும். குளிரான ஊர்தானே, எண்ணெய்க்கு என்ன ஆகப்போகிறது என்று முதல் வருடம் எல்லாவற்றையும் ஜன்னலோரப் பலகையில் அடுக்கி வைத்திருந்தேன். எங்களுடையது தகரக் கூரை. காலையில் பனிமூட்டம், பதினொரு மணிக்கு வெயில் ஏறினால் அந்தப் பலகை சுடும், பின்னேரம் மறுபடி கை விறைக்கும் குளிர்.

முதலில் கெட்டது தோடம்பழம். எட்டு மாதத்தில் பெயின்ட் கடைக்குள் போன மாதிரி ஒரு வாடை. அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற வாசனைப் பொருள், அது காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மாறிப்போனால் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். அது தெரியாமல் தேங்காய் எண்ணெயில் கலந்து அம்மாவின் முழங்காலில் தேய்த்துவிட்டேன், இரண்டு நாள் சிவந்து கிடந்தது, பாவம். இப்போது 10 மில்லி போத்தல்தான் வாங்குகிறேன். திறந்து ஒரு வருடம் ஆனால் தோலுக்குப் பாவிப்பதே இல்லை.

கராம்பு எண்ணெயை ஒருமுறை காலியான பிளாஸ்டிக் மருந்துப் போத்தலில் ஊற்றினேன். சில வாரத்தில் போத்தலின் பக்கம் இளகி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சொட்டு விடும் ரப்பர் மூடியும் அப்படித்தான், ஊதி, பிசுபிசுத்து, கடைசியில் போத்தல் வாயோடு ஒட்டிக்கொண்டது. அதனால் பழுப்பு நிறக் கண்ணாடிப் போத்தல், இறுக்கமான திருகு மூடி, நிமிர்த்தி வைப்பது, இந்த மூன்றையும் விடுவதில்லை. போத்தலில் ஒட்டும் தாளில் திகதியைப் பேனாவால் எழுதினால் எண்ணெய் பட்டு மை ஓடிவிடுகிறது, ஈரத்தில் தாளும் கழன்று வருகிறது. பென்சிலால் திகதி எழுதி மேலே செலோடேப் ஒட்டுங்கள், நிற்கும்.

அடுப்படியில் வைக்கவே வேண்டாம், எல்லாம் தீப்பிடிக்கும் சாமான். தடிமனுக்கு ஆவி பிடிப்பதென்றாலும் அடுப்பை அணைத்து, பானையை இறக்கிய பிறகுதான் இரண்டு சொட்டு விடுவேன். தங்கச்சியின் மகனுக்கு மூன்று வயது, அவன் வரும் நாட்களில் அலுமாரியின் மேல் தட்டுக்குப் பூட்டு. யூகலிப்டஸ் எண்ணெய் சில மில்லி உள்ளே போனாலே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். பெரியவர்கள் உடம்பில் தடவ 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு வாசனை எண்ணெய் ஆறு சொட்டு போதும்.

அப்புறம், பெரிய போத்தல் பாதியானால் மீதியைச் சின்னப் போத்தலில் கழுத்துவரை நிரப்பிவிடுவேன், உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது. நுவரெலியாவில் வாங்கிய யூகலிப்டஸ் இப்படித்தான் மூன்றாவது வருடத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் மூக்கைத் துளைக்கிறது.